நடைக்கோழிகளும் பகை மறக்காத நண்டும்

நடைக்கோழிகளுக்கு இறக்கை உண்டு. பறக்கத்தான் தெரியாது. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு தீவில், புன்னை மரங்களும் தாழம்புதர்களும் அடர்ந்த காட்டில் அவை வாழ்ந்துவந்தன. குண்டு உடம்பு, தடித்த கால், சருகு நிறம். அந்தத் தீவை விட்டால் உலகத்தில் வேறு எங்கும் அந்த இனம் கிடையாது.

தீவில் நாய் இல்லை, நரி இல்லை, பாம்புகூட இல்லை. உதிர்ந்த பழமும் மண்ணுக்குள் புழுவும் காலடியிலேயே கிடைத்தன. பிறகு எதற்கு மெனக்கெட்டுப் பறப்பது? பறப்பதை எந்தக் காலத்திலோ விட்டுவிட்டன.

அவற்றுக்கு இருந்த ஒரே பகை பருந்து. வானத்தில் வட்டமடிக்கும். அதன் நிழல் தரையில் விழுந்ததும் நடைக்கோழிகள் அப்படியே நின்றுவிடும். தூக்கிய கால் தூக்கியபடி. வாயில் புழு இருந்தால் புழு தொங்கியபடி. சருகோடு சருகாகிவிடும். பருந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கோழி எது, சருகு எது என்று பிடிபடாது. சலித்துப்போய் மீன் பிடிக்கக் கடல் பக்கம் போய்விடும்.

நிழல் விழுந்தால் நிற்க வேண்டும். அதுதான் நடைக்கோழிகளின் சட்டம். வேறு எதைக் கண்டு பயந்தாலும் அதே சட்டம்தான். முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வரும் குஞ்சு இரை பொறுக்கப் பழகும் முன்பே நிற்கப் பழக வேண்டும். அதிக நேரம் அசையாமல் நிற்பவருக்கே ஊரில் மரியாதை. அப்படி மரியாதை பெற்றவர் பெரியநடையார். ஒருமுறை அவர் நின்ற நிற்பில் ஒரு சிலந்தி அவர் மூக்குக்கும் பக்கத்துச் செடிக்கும் நடுவே வலை கட்டிவிட்டதாம். நிழல் போன பிறகும் சிலந்தியின் உழைப்பைக் கெடுக்க வேண்டாம் என்று கொஞ்ச நேரம் நின்றாராம்.

காட்டின் ஓரத்தில், கடற்கரை மணல் தொடங்குகிற இடத்தில், சங்குமுத்து என்ற நண்டு வளை தோண்டி வாழ்ந்தான். அவனுக்கு மருதாயி என்ற நடைக்கோழியைக் கண்டாலே ஆகாது.

ஒரு மழைக்காலத்தில் மருதாயி அவனுடைய வலது கொடுக்கைக் கொத்தி ஒடித்துவிட்டாள். கொடுக்கு போனால் நண்டுக்கு ஓடு உரிக்கும்போது மறுபடியும் முளைக்கும். இவனுக்கும் முளைத்தது. ஆனால் மொச்சைக்கொட்டை அளவோடு நின்றுவிட்டது.

"முளைக்காமலே இருந்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்" என்பான் சங்குமுத்து. "இது முளைச்சு என்னைக் கேலி பண்ணுது."

தினமும் வெயில் ஏறியதும் வளை வாசலில் உட்கார்ந்து அந்தக் குட்டிக் கொடுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். பிறகு மருதாயியைத் திட்டத் தொடங்குவான். மற்ற நண்டுகள் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய், அவன் வாயைத் திறந்ததும் வளைக்குள் இறங்கிவிடும்.

அவன் வளை முதலில் கடலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மருதாயி இரை பொறுக்கும் புன்னை மரத்துக்குப் பக்கத்தில் வந்து புது வளை தோண்டிக்கொண்டான். கோபப்படுவதற்கு ஆள் கண்ணெதிரே இருக்க வேண்டும் அல்லவா?

"குந்தாணி போறா பாரு" என்பான், அவள் குண்டு உடம்பைக் கேலி செய்து, காதில் விழும்படி.

மருதாயி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அவளுக்குக் குஞ்சுகளை மேய்க்கவே பொழுது போதாது. அதுவும் அவனுக்குக் கோபம்.

ஒருநாள் குடிதண்ணீர் பிடிக்க ஒரு கப்பல் தீவுக்கு வெளியே நங்கூரம் போட்டது. படகில் ஆட்கள் வந்து சுனையில் பீப்பாய்களை நிரப்பினார்கள். அந்த நேரத்தில் படகிலிருந்து ஒரு கீரி குதித்துக் காட்டுக்குள் ஓடியது. கப்பலில் எலி பிடிக்க வைத்திருந்த கீரி அது. ஆட்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். வரவில்லை. கப்பல் போய்விட்டது.

கீரி முதலில் வந்து நின்றது சங்குமுத்துவின் வளை வாசலில்தான்.

"அண்ணாச்சி, வணக்கம். பயப்படாதீங்க. உங்க ஓடு என் பல்லுக்கு ஆகாது."

"நான் பயந்தேன்னு உனக்கு யார் சொன்னது?" என்றான் சங்குமுத்து, பாதி வளைக்குள் இறங்கியபடி.

"இந்த ஊர்ல பாம்பு உண்டா?"

"இல்லை."

"எலி?"

"இல்லை."

"அப்போ நான் எதைத் தின்கிறது?"

"அதை என்கிட்ட ஏன் கேக்கிறே? மூக்கு இருக்குதில்ல, தேடிக்கோ."

கீரி மூக்கைத் தரையில் வைத்து முகர்ந்துகொண்டே புன்னை மரத்துப் பக்கம் போனது. அங்கே யார் மேய்கிறார்கள் என்பது சங்குமுத்துவுக்குத் தெரியும். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை கீரி திரும்பி வந்தது. உதட்டில் ஒரு சருகு நிற இறகு ஒட்டியிருந்தது.

"அண்ணாச்சி, இது என்ன அதிசயமான ஊர்! பக்கத்துல போனேன், ஓடலை. முகர்ந்து பாத்தேன், ஓடலை. கழுத்துல வாயை வைக்கிறேன், அப்பவும் நிக்குது. எனக்கே கூச்சமாப் போச்சு."

சங்குமுத்து சிரித்துவிட்டான். அவனுக்கே தெரியாமல் வந்த சிரிப்பு அது. கீரி போன பிறகு வாய்க்குள் மணல் புகுந்தாற்போல் இருந்தது. துப்பிப் பார்த்தான். மணல் ஒன்றும் இல்லை.

'யாரைப் பிடிச்சுதோ. அவளா இருந்தா எனக்கென்ன' என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் வளையிலிருந்து எட்டிப் பார்த்தான். மருதாயி தன் இரண்டு குஞ்சுகளோடு மரத்தடியில் மேய்ந்துகொண்டிருந்தாள். அவன் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று நடைக்கோழிகள் கூட்டம் போட்டன. பெரியநடையார் நடுவில் நின்று பேசினார்.

"செத்துப்போனவன் நல்லவன்தான். ஆனா நிக்கும்போது வால் ஆட்டுவான். நான் பல தடவை சொல்லியிருக்கேன்."

"நேத்து அவன் வால் ஆட்டலையே" என்றது ஒரு கோழி.

"அப்போ கண்ணை இமைச்சிருப்பான். இனிமே எல்லாரும் இன்னும் நல்லா நிக்கணும். மூச்சைக்கூட மெதுவா விடுங்க."

எல்லாக் கோழிகளும் தலையை ஆட்டின. அன்றிலிருந்து காலையும் மாலையும் நிற்கப் பழகின. கீரிக்கு அது இன்னும் வசதியாகிவிட்டது. சாப்பிட வரும்போது எல்லாம் வரிசையாக நின்றன.

ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். ஒருத்தி தும்மியிருப்பாள். ஒருவன் காலை மாற்றியிருப்பான். இன்னொருத்தி நிற்கும்போது மனத்துக்குள் வேறு எதையோ நினைத்திருப்பாள், அதுதான் கீரிக்குத் தெரிந்துவிட்டது.

சங்குமுத்து வளை வாசலில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். தரையோடு தரையாக இருப்பவனுக்குக் கீரியின் வேட்டை நன்றாகத் தெரிந்தது. கீரி தலையை நிமிர்த்தவே இல்லை. மூக்கைக் காலடித் தடத்தில் வைத்தபடி வந்தது. கோழி அசைந்தாலும் ஒன்றுதான், அசையாவிட்டாலும் ஒன்றுதான்.

'சொல்லலாம். சொன்னா அவளும் பிழைச்சிடுவா' என்று நினைத்தான். குட்டிக் கொடுக்கைப் பார்த்தான். சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் பெரியநடையாரே போனார். அவன் கண்ணெதிரே நடந்தது அது. கீரி வருவதைப் பார்த்ததும் அவர் நின்றார். அப்படி ஒரு நிற்பைச் சங்குமுத்து பார்த்ததே இல்லை. இறகு அசையவில்லை. இமை அசையவில்லை. கல்லே அவரைப் பார்த்து நிற்கப் பழகலாம் போல் இருந்தது. கீரி பின்பக்கமாக வந்து அவரைச் சுற்றி ஒருமுறை முகர்ந்தது. அவ்வளவுதான்.

சங்குமுத்து வளைக்குள் இறங்கி, அன்று முழுவதும் வெளியே வரவில்லை.

அடுத்த நாள் வாசலில் காலடிச் சத்தம் கேட்டது.

"சங்குமுத்தண்ணே, இருக்கீங்களா?"

மருதாயியின் குரல்.

"இல்லை."

"குரல் கேக்குதே."

"குரல் மட்டும்தான் இருக்கு. ஆள் இல்லை. போ."

"ஒரே ஒரு சந்தேகம். கேட்டுட்டுப் போயிடறேன். நீங்க தரையில இருந்து எல்லாத்தையும் பாக்குறவரு. நாங்க நிக்கிறதுல எங்கே தப்புப் பண்றோம்? பெரியநடையாரும் போயிட்டாரு. இனிக் கேக்க ஆள் இல்லை. மிச்சம் இருக்கிற குஞ்சுக்கு நான்தான் நிக்கப் பழக்கணும். தப்பாப் பழக்கிடக் கூடாது பாருங்க."

சங்குமுத்து மேலே வந்தான். இத்தனை காலமாகத் திட்டிக்கொண்டிருந்தவளை, கொடுக்கு ஒடிந்த நாளுக்குப் பிறகு இப்போதுதான் இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறான். இளைத்துப் போயிருந்தாள். அவள் வயிற்றுக்கடியில் ஒரு குஞ்சு ஒடுங்கி நின்றது.

ஆனாலும் பழைய கோபத்தைச் சொல்லிக்காட்டாமல் இருக்க அவனால் முடியவில்லை. குட்டிக் கொடுக்கை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இது என்னன்னு தெரியுதா?"

"மொச்சைக்கொட்டையா?"

"நீ ஒடிச்ச கொடுக்கு."

"ஓ, அதுவா" என்றாள் மருதாயி. "அன்னைக்கு நீங்க என் குஞ்சோட காலைக் கவ்விக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டீங்க. வேற என்ன செய்றது?"

"அது என் வளைக்குள்ள காலை விட்டுது!"

"பொறந்த மறுநாள் பிள்ளைக்கு வளை எது, பள்ளம் எதுன்னு தெரியுமா?"

"என் வீட்டுக்குள்ள வர்றது பிள்ளையா, திருடனான்னு எனக்கு மட்டும் தெரியுமா? கதவா வச்சிருக்கேன், தட்டிட்டு வர?"

"அதுக்காகக் காலையா கவ்வுவாங்க?"

"காலைத்தானே நீட்டுச்சு. வேற எதைக் கவ்வ?"

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அந்தக் குஞ்சு எது? இதுவா?" என்று கேட்டான் சங்குமுத்து.

"இல்லை. அது இதுக்கு மூத்தது. ஒரு கால் கொஞ்சம் சாய்ச்சு நடப்பான்." மருதாயி தரையைப் பார்த்தாள். "முந்தாநாள் கீரி கொண்டுபோயிருச்சு. நல்லாத்தான் நின்னான். நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அசையவே இல்லை."

சங்குமுத்துவின் நீட்டிய கொடுக்கு தானாகக் கீழே இறங்கியது.

"நீங்க நிக்கிறதுல ஒரு தப்பும் இல்லை" என்றான் மெதுவாக. "நிக்கிறதே தப்பு."

மருதாயிக்குப் புரியவில்லை.

"பருந்து கண்ணால தேடும். அதுக்கு நின்னது சரி. இவன் மூக்கால தேடறான். நீ கல்லா நின்னாலும் உன் வாசம் நிக்குமா? காத்தோட போகுதே. அவன் வந்தா ஓடணும்."

"ஓடறதுன்னா?"

"நடக்கிறதையே அவசரமா நட."

"எதுக்கு அவசரம்?"

சங்குமுத்து அவளை உற்றுப் பார்த்தான். கேலி செய்கிறாளோ என்று நினைத்தான். இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அந்த இனத்தில் யாரும் இதுவரை எதற்கும் அவசரப்பட்டதில்லை.

அவன் பெருமூச்சு விட்டான்.

"இங்கே இருந்து உங்களால பிழைக்க முடியாது. அதோ தெரியுது பாரு, கடலுக்குள்ள ஒரு திட்டு. புதர் உண்டு, புழு உண்டு. கீரிக்குக் கடல் நீரோட்டம் ஆகாது. அமாவாசை அன்னைக்குப் பகல்ல தண்ணி நல்லா வத்தும். கொஞ்ச நேரம் நடுவுல மணல் பாதை தெரியும். அது வழியா எல்லாரையும் கூட்டிப் போறேன்."

மருதாயியின் கண் கலங்கியது. "அண்ணே, நீங்க என்னை மன்னிச்சு—"

"அந்தப் பேச்சே வேண்டாம். மன்னிக்கவும் இல்லை, ஒண்ணும் இல்லை. குஞ்சைக் கூட்டிக்கிட்டுத் தாழம்புதருக்குள்ள போ. மத்தவங்களையும் வரச் சொல்லு."

மிச்சம் இருந்த நடைக்கோழிகள் ஒரு புதருக்குள் அடங்கிவிடும் அளவுக்குத்தான் இருந்தன. அவை முள்தாழைக்குள் நுழைந்துகொண்டன. சங்குமுத்து நண்டுகளை எல்லாம் கூப்பிட்டுப் புதரைச் சுற்றி வளை தோண்டச் சொன்னான்.

நண்டுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"உனக்கு அவளைக் கண்டாலே ஆகாதே" என்றது ஒரு நண்டு. "காதுபடத் திட்டிக்கிட்டே இருந்தியே?"

"ஆமா. திட்டினேன். இன்னமும் திட்டுவேன். அவளைக் கீரி தின்னுட்டா நான் யாரைத் திட்டறது? கீரியையா? அவன் யாரு எனக்கு?"

நண்டுகள் சிரித்தன. சிரித்துக்கொண்டே தோண்டின. சங்குமுத்து சிரிக்காமல் தோண்டினான்.

அன்று மாலை கீரி வாசம் பிடித்துக்கொண்டு புதருக்கு வந்தது. கால் வைத்த இடமெல்லாம் வளை. வளைக்குள்ளெல்லாம் கொடுக்கு. நாலு காலிலும் கிள்ளு வாங்கிக்கொண்டு துள்ளிக் குதித்தது.

"அண்ணாச்சி, இது நியாயமா? நாம சிரிச்சுப் பேசினவங்க ஆச்சே."

"சிரிச்சேன்" என்றான் சங்குமுத்து. "அதை நினைச்சாத்தான் எனக்கு ஆகலை. ஓடிப் போ."

கீரி தள்ளிப்போய்ப் படுத்துக்கொண்டது. காத்திருக்க அதற்குத் தெரியும். புதருக்குள் இரை கொஞ்சம்தான். ஒவ்வொரு நாளும் கோழிகள் மெலிந்தன. கீரி படுத்த இடத்திலிருந்தே மூக்கை ஆட்டிக்கொண்டிருந்தது.

அமாவாசை வந்தது. வெயில் ஏறியதும் கடல் பின்வாங்கியது. பாசி படிந்த கல்லும், கல்லுக்கு நடுவே வெள்ளை மணலும் மெல்ல மெல்ல மேலே வந்தன. திட்டு வரைக்கும் ஒரு பாதை தெரிந்தது.

"கிளம்புங்க" என்றான் சங்குமுத்து.

மற்ற நண்டுகள் கீரியை மறித்து நின்றன. சங்குமுத்து முன்னால் பக்கவாட்டில் ஓடினான். அவன் பின்னால் மருதாயி, அவள் பின்னால் குஞ்சு, அதன் பின்னால் மற்றக் கோழிகள். ஈர மணலில் கால் வைப்பது அவற்றுக்குப் புதிது. ஒவ்வொன்றும் காலைத் தூக்கி உதறி உதறி நடந்தது.

"கல்யாண ஊர்வலமா போறீங்க? சீக்கிரம் நடங்க" என்று அதட்டினான் சங்குமுத்து.

பாதி தூரம் போயிருப்பார்கள். வெள்ளை மணலின் மேல் ஒரு நிழல் ஓடியது.

பருந்து.

எல்லாக் கோழிகளும் நின்றுவிட்டன. தூக்கிய கால் தூக்கியபடி நின்றன. வெட்டவெளி. ஒரு சருகு இல்லை, ஒரு செடி இல்லை. வெள்ளை மணலில் அவை எண்ணெய்ச் சொட்டுப் போல் பளிச்சென்று தெரிந்தன. ஆனாலும் தாங்கள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை என்று நம்பிக்கொண்டு நின்றன.

பின்னால் கரையில் கீரி நண்டுகளைத் தாண்டிவிட்டது. மூக்கைத் தரையில் வைத்தபடி மணலில் இறங்கியது. பக்கவாட்டில் கடல் திரும்பத் தொடங்கியிருந்தது. கல்லுக்கு மேல் நுரை ஏறியது.

"மருதாயி, நட."

"நிழல் விழுந்திருக்கு" என்றாள் அவள், அலகை அசைக்காமல்.

"பின்னால கீரி வர்றான்."

"அசையக் கூடாது."

"இந்த மணல்ல நீ குந்தாணி மாதிரி நிக்கிறே. கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும்."

அவள் அசையவில்லை. அவள் பின்னால் குஞ்சும் அசையவில்லை. ஒரு காலை மடக்கி, கண்ணை அகலத் திறந்து, அம்மா பழக்கியபடி அழகாக நின்றது. தண்ணீர் அதன் விரல்களைத் தொட்டது. அப்போதும் அது நின்றது.

சங்குமுத்து நினைத்திருந்தால் திட்டுக்குப் போயிருக்கலாம். நண்டுக்குக் கடல் என்ன செய்யும்? பருந்தும் அவனை இன்னும் பார்க்கவில்லை. அவன் திரும்பி ஓடினான், மருதாயியின் காலடிக்கு. இடது கொடுக்கைத் திறந்தான். அந்தப் பெரிய கொடுக்கால், எத்தனையோ நாள் கனவில் கிள்ளிப் பார்த்த அந்தக் காலை, பலம் கொண்ட மட்டும் கிள்ளினான்.

மருதாயி "ஐயோ" என்று அலறித் துள்ளினாள். துள்ளிய கால் தரையைத் தொட்டதும் இன்னொரு அடி வைத்தது. அதற்கு மேல் அவளால் நிறுத்த முடியவில்லை. இறக்கையை விரித்துக்கொண்டு திட்டை நோக்கி ஓடினாள். அம்மா ஓடுவதைப் பார்த்த குஞ்சு அவள் பின்னால் உருண்டது. ஒரு நடைக்கோழி ஓடி மற்றக் கோழிகள் பார்த்ததே இல்லை. அட, இது முடியுமா என்று திகைத்தன. பிறகு அவையும் ஓடின.

பருந்து பாய்ந்தது. இத்தனை காலமும் நின்ற இரை திடீரென்று நாலு பக்கமும் சிதறியதில் அதற்குக் குறி தப்பியது. வெறும் மணலைப் பிராண்டிவிட்டு மேலே ஏறியது. ஏறும்போது அதன் நிழல் கீரியின் மேல் விழுந்தது. பருந்தைக் கண்டு கீரி பக்கத்துக் கல்லிடுக்கில் பதுங்கியது. அது தலையை நீட்டியபோது தண்ணீர் கழுத்து வரை வந்திருந்தது. நனைந்த உடம்போடு திரும்பிக் கரைக்கு ஓடியது.

எல்லாக் கோழிகளும் திட்டுக்கு வந்து சேரவில்லை. வரிசையில் கடைசியாக வந்த ஒரு கிழட்டுக் கோழி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அதைக் கிள்ள யாரும் பக்கத்தில் இல்லை. தண்ணீர் மூடும் வரை அது நின்றுகொண்டிருந்ததை மருதாயி திட்டிலிருந்து பார்த்தாள். அவள் பக்கத்தில் சங்குமுத்துவும் பார்த்தான்.

"முதல் நாளே நான் வாயைத் திறந்திருக்கணும்" என்றான் அவன்.

மருதாயி நனைந்த குஞ்சை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

திட்டு சிறியதுதான். ஆனால் புதர் இருந்தது, புழு இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் மருதாயி மூன்று முட்டை இட்டாள். மற்றக் கோழிகளும் இட்டன. இப்போது குஞ்சுகள் இரண்டு பாடம் படிக்கின்றன. மேலே நிழல் விழுந்தால் நிற்க வேண்டும். தரையில் புது வாசம் வந்தால் ஓட வேண்டும். சில குஞ்சுகள் இரண்டையும் குழப்பிக்கொண்டு ஓடிக்கொண்டே நிற்கப் பார்க்கும், தலைகுப்புற விழும். மருதாயி பொறுமையாக மறுபடியும் பழக்குவாள்.

சங்குமுத்து திட்டின் இன்னொரு ஓரத்தில் வளை தோண்டிக்கொண்டான். அவனும் அவளும் சமாதானம் ஆனார்கள் என்று சொன்னால் பொய்.

"நீங்க கிள்ளின கால் இன்னும் வலிக்குது" என்பாள் அவள், அந்தப் பக்கம் போகும்போது.

"வலிக்கிறதுக்குக் கால் இருக்குதில்ல. சந்தோஷப்படு" என்பான் அவன்.

ஆனால் ஒவ்வொரு அமாவாசைக்கும், தண்ணீர் வற்றி மணல் பாதை தெரியும்போது, அவன் மற்ற நண்டுகளைக் கூட்டிக்கொண்டு பாதையின் நடுவில் போய் நிற்பான். கொடுக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடல் மறுபடி ஏறும்வரை நிற்பான். ஒருமுறைகூடத் தவறியதில்லை. உடம்பு சரியில்லாத நாளிலும் நின்றான்.

ஒரு அமாவாசையன்று கீரி பாதையில் பாதி தூரம் வந்து உட்கார்ந்தது. அதுவும் மெலிந்திருந்தது.

"அண்ணாச்சி, ஒரு விஷயம் எனக்குப் புரியலை. அந்தக் கோழி உங்க கொடுக்கை ஒடிச்சவதானே?"

"ஆமா."

"நீங்க அவளை மன்னிச்சுட்டீங்களா?"

"இல்லை."

"அப்புறம் எதுக்கு வெயில்ல நின்னு கஷ்டப்படுறீங்க?"

"அவ மேல எனக்குக் கோபம் இருக்கு. அது இருக்கட்டும்" என்றான் சங்குமுத்து. "அவளுக்குப் பறக்கத் தெரியாது. நீ தள்ளி நில்லு."

கீரி எழுந்து வந்த வழியே திரும்பிப் போனது. சங்குமுத்து கொடுக்கை இறக்காமல் தண்ணீர் ஏறும்வரை அங்கேயே நின்றான்.

தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாத உயிரைக் காப்பதற்கு, அதன்மேல் நமக்கு உள்ள கோபம் தீரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.